கண்ணாடிக்கு மொழி கிடையாது

2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜி1 செல்போனை இன்று அநேகமாக யாரும் நினைப்பதில்லை. எச்.டி.சி. நிறுவனம் தயாரித்தது, ஆண்ட்ராய்டில் இயங்கிய முதல் போன். தொடுதிரையை விரலால் தள்ளினால் அடியிலிருந்து ஐந்து வரிசை விசைப்பலகை தலைகாட்டும். அலங்காரத்துக்காக வைத்ததல்ல அது. திரையிலேயே எழுத்துகளைத் தொட்டு எழுதும் வசதி ஆண்ட்ராய்டுக்கு 2009 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை பொத்தான்களே கதி.

பெங்களூரில் சாஃப்ட்வேர் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது அதைக் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்பாளன் கையில் எதைக் கொடுத்தாலும் அதில் தன் மொழியைத்தான் முதலில் தேடுவான். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தோம். வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள். பொத்தான்களிலோ ஆங்கிலம் மட்டும். 247 எழுத்துகள் கொண்ட மொழிக்கு அந்த பிளாஸ்டிக்கில் ஒரு இடம்கூட இல்லை.

இதை வெறும் மொழிப்பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. தருமபுரிப் பக்கம் கிராமத்திலிருந்த என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஆங்கில எழுத்துகளில் நான் அனுப்பும் தமிழ் எஸ்.எம்.எஸ்.ஸைப் பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்வான். பள்ளியா பல்லியா, மனமா மணமா என்பதை அவன்தான் ஊகிக்க வேண்டும். போனில் பேசலாமே என்பீர்கள். அப்பா படுக்கையில், காது மட்டும் நன்றாகக் கேட்கும். டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்பதை அவர் எதிரில் எப்படிப் பேசுவது? ஊர்ப் பையன் வாயால்தான் எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டியதை அம்மாவுக்கு மட்டும் எழுத எனக்கு வழியில்லாமல் இருந்தது.

இந்தத் தேவையை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் பெங்களூரிலேயே இருந்தார்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' 2001ல் அறிமுகமானது. விசைப்பலகை இல்லை; குச்சியால் தொட வேண்டிய திரை. சுமார் 9,000 ரூபாய்க்குக் கொடுப்பது திட்டம். எழுத்தறியாதவருக்கு அவர் மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டும். அதையும் வாங்க முடியாத கிராமத்துக்கு ஒரே கருவி, ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. 2004ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் சந்தைக்கும் வந்தது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மலிவு செல்போன்கள் முந்திக்கொண்டன. கிராமம் பொதுக் கருவியைக் கேட்கவில்லை. ஆளுக்கொரு போனைத்தான் கேட்டது.

ஆனால் யோசனை தோற்கவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ல் தமிழைச் செல்போனில் ஏற்றியது. 2013ல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. இதற்குள் தள்ளும் விசைப்பலகைகள் மறைந்துவிட்டன. விரலுக்கடியில் பொத்தான் அமுங்கும் சுகம் போயிற்றே என்று இன்றும் ஏங்குகிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் ஏங்குவதில்லை. பொத்தானில் எந்த எழுத்து என்பதை எங்கோ ஒரு தொழிற்சாலை முடிவு செய்கிறது. கண்ணாடியில் அதை முடிவு செய்வது தொடுகிறவர்.

அப்பா போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அம்மா இப்போது ஒற்றை விரலால் தானே எழுதி அனுப்புகிறாள். பாதி இடங்களில் புள்ளி இருக்காது. ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடக்கும். தமிழில் முதுகலை முடித்த மகன் அதில் ஒன்றையும் திருத்துவதில்லை.