அக்காள் தந்த அமானிதம்

செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் மதகடிப்பட்டில் மாட்டுச் சந்தை கூடும். விழுப்புரம் – புதுச்சேரி சாலையில் போய்வருவோர் யாவரும் அறிந்த சந்தை அது. என் அத்தா அங்கே தரகு பார்த்தவர். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வித்தையை எனக்கும் கற்றுத் தந்தவர். அந்தச் சந்தைக்குள் நான் கால் வைத்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. சாணமும் வைக்கோலும் கிளப்பும் தூசியில் உள்ள பூஞ்சைக் காளான், பிறருக்கு ஒரு தும்மலோடு போய்விடும். எனக்கோ நுரையீரலில் குடியேறிவிடக் கூடும். இரத்தப் புற்று கண்டு, 2022ஆம் ஆண்டு ஐப்பசியில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவன் நான்.

காண வருகிறவர்கள் எல்லோரும் அன்போடு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “முழுச் சுகமாகிவிட்டதா?” ஆம் என்றால் அது பொய், இல்லை என்றால் அவர்கள் முகம் வாடுகிறது. மாற்றுச் சிகிச்சை என்பது சொத்தைப் பல்லைப் பிடுங்கி எறிவது போன்றதன்று. அது முடிந்த நாளில்தான் மற்றொரு வைத்தியம் தொடங்குகிறது.

உடன்பிறந்தவர் ஒருவரின் திசு நமக்குப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. என்னோடு பிறந்த மூவருள் அக்காள் ஒருவருக்கே பொருந்தியது. ஐந்து நாட்கள் ஊசி போட்டுக்கொண்டு, எலும்பெல்லாம் குடைகிற வலியை “ஒன்றுமில்லை” என்று சொல்லி மறைத்து, இயந்திரத்தின் அருகே மணிக்கணக்கில் படுத்திருந்து, தம் உயிரணுக்களைத் தந்தார். அவை சாதாரண இரத்தம் ஏற்றுவது போலவே என் நரம்பில் இறங்கின. நம் நாட்டில் இந்த வைத்தியம் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலில் நடந்தது. தந்தவன் அவளுடைய சகோதரன். 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தொடங்கியது.

பிறந்தது முதல் ‘ஓ’ வகையாயிருந்த என் இரத்தம் இன்று அக்காளின் ‘பி’ வகை. என் இரத்த அணுக்களில் இருப்பதும் பெண்ணின் குரோமோசோம்களே. “இனி உனக்குக் கோபம் வந்தால் அது என் கோபம்தான்” என்று அக்காள் சிரிப்பார்.

ஆயினும் வந்து குடியேறிய அணுக்களுக்கு என் உடல் அந்நிய ஊர். அவை என் தோலையும் குடலையும் ஈரலையும் பகையென எண்ணித் தாக்கலாம். அதை அடக்க ஸைக்ளோஸ்போரின் என்னும் மருந்து. எந்தப் பூஞ்சைக் காளானுக்கு நான் அஞ்சுகிறேனோ அந்த இனத்திலிருந்தே பிறந்த மருந்து இது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த காளானிலிருந்து எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை தவறாமல் உண்ண வேண்டும். அளவு குறைந்தால் தாக்குதல் தொடங்கும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். ஆகவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் ரமலான் பிறந்தது. தெருவே நோன்பிருக்க, நான் மட்டும் பகலில் தண்ணீர்ச் செம்பும் கையுமாக இருப்பதா? என் மனம் ஒப்பவில்லை. ஸஹரில் ஒரு மாத்திரை, நோன்பு திறந்ததும் ஒரு மாத்திரை என்று நானே கணக்குப் போட்டேன். மருத்துவர் அனுமதித்துவிட்டதாக மனைவியிடம் பொய்யும் சொன்னேன். பொய் சொல்லி நோற்ற நோன்பு!

பதினோராம் நாள் விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக வேலூருக்குப் பரிசோதனைக்குப் போனேன். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. மருத்துவர் தாளைப் பார்த்தார். வெடித்திருந்த என் உதடுகளைப் பார்த்தார். “எத்தனை நாளாக நோன்பு?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சிறுநீரகத்தைக் காக்க இரண்டு நாட்கள் நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றினார்கள்.

செய்தி கேட்டு அக்காள் வந்தார். சத்தம் போடவில்லை.

“தம்பி, நான் உனக்குக் கொடுத்தது என் சொந்தப் பொருளில்லை. அல்லாஹ் எனக்குத் தந்ததை உன்னிடம் ஒப்படைத்தேன். அது உன் கையில் அமானிதம். அமானிதத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?”

அன்றிரவு நான் உறங்கவில்லை. நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் இறைவன். அந்தச் சலுகையை நான் ஏன் தள்ளினேன்? அவனுக்கு அஞ்சியா? இல்லை, “இவன் நோன்பு பிடிப்பதில்லை” என்று தெரு சொல்லிவிடுமே என்று அஞ்சினேன். பக்தி என்று நான் நினைத்திருந்ததில் பெரும்பங்கு வீம்பு என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இன்று ஸைக்ளோஸ்போரின் நின்றுவிட்டது, வைத்தியம் நிற்கவில்லை. சிறு பிள்ளையில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பழைய மஜ்ஜையோடு போய்விட்டதால், அக்காளின் பேரன் போட்டுக்கொண்ட ஆண்டிலேயே நானும் மீண்டும் போட்டுக்கொண்டேன். வாய் உலர்கிறது; தண்ணீரில்லாமல் ரொட்டி இறங்காது. கண்ணில் நீர் சுரப்பதில்லை. துஆவுக்குக் கையேந்தி மனம் உருகும் வேளையிலும் இமை நனைவதில்லை; பிறகு மருந்துச் சொட்டு விட்டுக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கொருமுறை பரிசோதனை. அதற்கு முந்திய இரவில் வீட்டில் யாரும் சரியாக உண்பதில்லை.

ரமலான் வந்தால் விடுபடும் நோன்புகளுக்கு ஃபித்யாவாக ஏழைகளுக்கு உணவளிக்கிறோம். உலை வைப்பவர் அக்காள். பகலில் திண்ணையில் அமர்ந்தே தண்ணீர் குடிக்கிறேன், மறைப்பதில்லை.

உங்கள் குடும்பத்திலும் இத்தகைய நோயாளி ஒருவர் இருக்கலாம். அவரிடம் “சுகமாகிவிட்டதா?” என்று கேட்க வேண்டாம். “இன்றைய மருந்தை உண்டுவிட்டீர்களா?” என்று கேளுங்கள். ரமலானுக்கு முன்னரே அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் சொல்வதை நீங்களும் உடனிருந்து கேளுங்கள். என்னைப்போல் தனியே கணக்குப் போட அவரை விட்டுவிடாதீர்கள்.