சுருதி எத்தனை கட்டை?

"சித்தி! நீ உடனே புறப்பட்டு வா. அப்பா கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் நீதான்!"

கரடியூரிலிருந்து என் அக்காள் பெண் டெலிபோனில் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பத்திரிகைக் காரியாலயத்தில் வேலை பார்க்கிறவள். யாராவது எதற்காவது என்னைக் குறை சொல்லுவது பழகிப் போன விஷயம். தொடர்கதையில் கதாநாயகி செத்துப் போனால்கூட "நீங்கள் இருந்துமா இப்படி நடந்தது?" என்று கேட்கும் வாசகிகள் உண்டு. ஆனால், சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் என் அத்தான் 'கூடாது' என்றால், அதற்கு நான் எப்படிக் காரணமாக முடியும்?

அன்று இரவே ரயில் ஏறினேன்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் அடிவாரத்துக்கு முன்னால் சாலையோரத்தில் ஒரு பழைய நுழைவாயில் வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1935-ல் டி. ஆர். சுந்தரம் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் அது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உருவான இடம். நாடக மேடையில் பாடிப் பழகிய எத்தனையோ பேர் சினிமா வாய்ப்புத் தேடி அந்த வாசலில் வந்து நின்றார்கள். இன்று ஸ்டூடியோ இல்லை. வளைவு மட்டும் நிற்கிறது. பஸ் அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஏன் என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காடு ஏரியையும் தாண்டிப் போனால் கரடியூர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நான் போன தடவைகளிலெல்லாம் அங்கே கரடி எதையும் பார்த்ததில்லை, கோபம் வந்தபோது என் அத்தானைத் தவிர! அவர் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். சித்திரை மாதம், கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. காப்பிச் செடிகளெல்லாம் கிளைக்குக் கிளை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. மலை முழுதும் மல்லிகையைக் கொட்டியதுபோல் வாசனை. அந்த வாசனையில் யாராவது கோபமாக இருக்க முடியுமா? அத்தான் இருந்தார்.

விஷயம் இதுதான். குழந்தை பிளஸ் டூ முடித்துவிட்டாள். நாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் மலை இறங்கிச் சேலத்தில் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். நல்ல சாரீரம். பள்ளிக்கூட நாடகங்களில் எல்லாம் அவள்தான் முதலில் நிற்பாள். பாட்டு, ஆட்டம், நடிப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லித் தருகிற சென்னைக் கல்லூரி ஒன்றில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நேரில் வந்து பாடி, ஆடி, நடித்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் அத்தான் தடை போட்டிருந்தார்.

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்றார் அத்தான். "நீ பாடினால் தெருவே நின்று கேட்கும். உன்னையே சிபாரிசுக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உன் அப்பா சாகிற வரையில் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். உனக்கே கிடைக்காத இடம் இந்த மலைக்காட்டுப் பெண்ணுக்கா கிடைக்கப் போகிறது? அழுதுகொண்டு திரும்பி வருவாள். வேண்டாம்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. காப்பி ஆறிப் போனது.

இரவு குழந்தை என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். "சித்தி, அந்தக் காலத்திலெல்லாம் நாடகத்துக்கு எப்படி ஆள் பொறுக்கினார்கள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாய்ஸ் கம்பெனி ஆரம்பித்தபோது, பால் மணம் மாறாத பையன்கள்தான் நடிகர்கள். டி. கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. பையனுக்குக் குரல் இருக்கிறதா, பாடம் நெட்டுருப் போடுவானா என்பதுதான் பரீட்சை. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்குக் கேட்காத குரலை வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்வது? பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் ராஜபார்ட் போய்விடும். பெண் வேஷமும் பையன்களுக்கே.

அப்படியானால் பெண்கள்? கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தினார். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளுக்கோ ரயில் பெட்டிதான் பரீட்சை மண்டபம். வறுமையில் ரயிலில் பாடிக்கொண்டு போன சிறுமியின் குரலை, நாடகத்தில் பித்துக்கொண்ட ரயில்வே அதிகாரி எப். ஜி. நடேசய்யர் கேட்டார், வேலு நாயர் கம்பெனியில் சேர்த்துவிட்டார். பின்னால் 1935-ல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்கு அந்த அம்மாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்!

"சிபாரிசே இல்லாமலா?" என்றாள் குழந்தை.

"குரல்தான் சிபாரிசு" என்றேன். சொன்ன வார்த்தை என்னையே சுட்டது.

சிவாஜி கணேசன் சிறு பையனாக வீட்டை விட்டு ஓடி, 'நான் அநாதை' என்று சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்ததை அவரே சொல்லியிருக்கிறார். அது உள்ளே நுழைவதற்குச் சொன்ன பொய். வெளியே வந்த பிறகு பொய் சொன்னவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை.

மறுநாள் விடியற்காலையில் குழந்தை சாதகம் செய்ய உட்கார்ந்தாள். கைப்பேசியில் தம்பூராவை மீட்டவிட்டு ஐந்தரைக் கட்டையில் ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே ஆதி தாளத்தில் ஒரு வர்ணம். மேல் பஞ்சமத்தைத் தொட்டு நின்று, ஆடாமல் அசையாமல் இறங்கினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்:

"சித்தி, அன்றைக்கு உன்னை எத்தனை கட்டையில் பாடச் சொன்னார்கள்?"

வாசக சகோதரிகளே! பதினெட்டு வருஷமாக ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

என் சுருதி நாலரைக் கட்டை. எனக்கு முன்னால் பாடிய பெண் ஐந்தரையில் பாடிவிட்டுப் போயிருந்தாள். சுருதிப் பெட்டி அப்படியே ஒலித்துக்கொண்டிருந்தது. 'என் சுருதி வேறு' என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வெட்கம். கிழக்குச் சீமையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் 'இவளுக்கு எட்டாது போலிருக்கிறது' என்று நினைப்பார்களே என்ற கர்வம். ஒரே ஒரு கட்டைதானே என்று பாட ஆரம்பித்தேன். கீழே சரியாகத்தான் இருந்தது. மேலே போனதும் குரல் கிறீச்சிட்டு உடைந்தது.

அங்கே இருந்த பெரியம்மாள் ஒருவர் சிரிக்கவில்லை. "பரவாயில்லை அம்மா, சுருதியைக் குறைத்துக்கொண்டு மறுபடி பாடு" என்றுதான் சொன்னார். நான் "வேண்டாம்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே மரத்தடியில் அப்பா நின்றார். சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "என்னம்மா ஆயிற்று?" என்றார். என் வாயிலிருந்து விழுந்தது: "சிபாரிசுக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள், அப்பா."

அவ்வளவுதான். அப்பா அந்தப் பொய்யை வீட்டுக்குக் கொண்டுபோய் உண்மையாக வளர்த்தார். உலகம் கெட்டுவிட்டது என்பதற்கு அவருக்கு அது ஒரு சாட்சியாகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் போகிற வரையில் எனக்குத் திருத்த மனம் வரவில்லை. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தையின் வழியில் அந்தப் பொய் இன்று குறுக்கே படுத்திருக்கிறது!

சாயங்காலம் காப்பிக் களத்து மேடையில் அத்தானும் அக்காவும் உட்கார்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்திரிகையில் ஆயிரம் விஷயம் எழுதுகிற எனக்கு அந்த நாலு வாக்கியம் சொல்ல நாக்கு எழவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்பாவை நினைத்திருப்பாள். அத்தான் வெகுநேரம் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அது சரி" என்றார் கடைசியில், "குழந்தைக்குச் சுருதி எத்தனை கட்டை?"

"ஐந்தரை" என்றேன்.

"அதை அங்கே வாய் திறந்து கேட்கச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருக்கலாம். ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திரத்தில், பாட்டும் ஆட்டமும் பிரியாத நாட்டிய நாடகங்கள் பல உருவாயின. 1944-ல் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சி அவற்றுக்கு முன்னோடி. 1959-ல் தொடங்கிய டில்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் பல ஊர்களில் முதல் தேர்வும், பிறகு டில்லியில் சில நாள் பயிற்சியோடு சேர்ந்த தேர்வும் நடப்பது வழக்கம். அமெரிக்காவில் இசை நாடகத்தையே பட்டப் படிப்பாக வைத்திருக்கிறார்கள். அங்கே குணம் மாறுபட்ட இரண்டு பாட்டுகளின் சிறு பகுதிகள், தனி வசனம், ஆட்டம் எல்லாம் கேட்பார்கள். தேசம் எதுவானாலும் கேட்கிறவர்கள் காது ஒன்றுதான். 'இவள் எவ்வளவு கற்றிருக்கிறாள்?' என்பதோடு, 'இவளுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஏறுமா?' என்றும் பார்க்கிறார்கள். அதனால்தான் மறுபடி பாடச் சொல்லுகிறார்கள். அது அவமானம் அல்ல, அதுவே பரீட்சை. எனக்கு இது புரியப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

ஆகவே, பெண்ணை அனுப்புமுன் அவளுக்குச் சொல்லுங்கள்: தன் சுருதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய கீர்த்தனையை அரைகுறையாகப் பாடுவதைவிடச் சின்னப் பாட்டைச் சுத்தமாகப் பாடுவது மேல். சினிமாப் பாடகியின் குரலைக் காப்பியடிக்க வேண்டாம்; அவளுடைய குரலைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். தப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்காமல் தாளத்தோடு மேலே போக வேண்டும். தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: பெண்ணைக் கேட்கிற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்!

தேர்வு நாளில் நான்தான் குழந்தையை அழைத்துப் போனேன். தாழ்வாரம் நிறையப் பெண்கள்; ஒருத்தி சலங்கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்; ஒருத்தியின் தாயார் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்திய பிறகு, உள்ளேயிருந்து குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது: "ஐந்தரைக் கட்டை வைத்துக்கொள்ளலாமா, மேடம்?"

எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

கரடியூருக்குத் திரும்பிய அன்று இரவு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "என்னம்மா ஆயிற்று?" என்றார். அதே வார்த்தை! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என்ன காரணம் சொன்னாலும் அந்த வீடு நம்பத் தயாராக இருந்தது.

"பாட்டு நன்றாக வந்தது, அப்பா" என்றாள் குழந்தை. "ஆடிக் காட்டச் சொன்ன இடத்தில் தாளத்தை விட்டுவிட்டேன். என்னைவிட நன்றாக ஆடுகிற பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது."

சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் உடையவில்லை.

அத்தான் இன்னொரு கரண்டி ரசம் விட்டுக்கொண்டார். "சேலத்தில் நாட்டியம் சொல்லித் தருகிறவர்கள் யாராவது இருப்பார்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "எப்படியும் சனிக்கிழமை பஸ்ஸில் போகிறாள். பாட்டு முடிந்ததும் அதையும் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் வரலாம். அடுத்த வருஷம் மறுபடி போய் வரட்டும்."

இப்போது சனிக்கிழமைகளில் அவளுக்கு இரண்டு வகுப்பு.

என் விஷயம் கேட்கிறீர்களா? ஊருக்குத் திரும்பியதும் பரண்மேல் கிடந்த சுருதிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். நாலரைக் கட்டையில் வைத்தேன். மேல் பஞ்சமம் இன்னும் எட்டுகிறது, நேயர்களே!