சொன்னவர் யார்?

கல்வியை அமானிதம் என்று கூறுவது நம் முன்னோர் மரபு. அமானிதம் என்றால் அதற்கு உரியவர் ஒருவர் உண்டு. பெற்றவன் அவரை மறத்தல் ஆகாது. பொருளுக்கு உள்ள இந்த விதி கருத்துக்கும் உண்டு. ஆய்விதழ்களில் இன்று மேற்கோள் குறிப்பு என்றும் துணைநூற்பட்டியல் என்றும் வழங்கும் ஏற்பாடு இக்கடமையின் எழுத்து வடிவமே ஆகும்.

மதுரையில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்துவரும் என் சகோதரியின் மகள், சீறாப்புராணத்தில் பயிலும் அரபுச் சொற்களைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். பொருளில் குறை காணாத பதிப்பாசிரியர், மேற்கோள் குறிப்புகள் இதழின் முறைப்படி அமையவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். “மாமா, எழுதுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று, புள்ளியும் காற்புள்ளியும் திருத்துவதற்கு இன்னொரு மாதமா? பெயரை முன்னே எழுதினால் என்ன, ஆண்டை முன்னே எழுதினால் என்ன?” என்று அவள் கேட்டாள். கேள்வி நியாயமானதே. அவளுக்குக் கூறிய விடையையும், இருவரும் அமர்ந்து பட்டியலைச் சீர்செய்தபோது கண்டவற்றையும் வாசகர்முன் வைக்கிறேன்.

சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடு 1906 இல் முதன்முதல் வெளிவந்தது. அமெரிக்க உளவியல் கழகத்தாரின் முறை 1929 இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தோன்றியது. இவற்றுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஹதீஸ் கலை வல்லார் சொன்னவர் வரிசையைச் சொல்லோடு சேர்த்தே பதிந்தனர். ‘இஸ்னாத்’ மார்க்கத்தின் ஒரு பகுதி, அஃது இல்லையேல் எவரும் எதையும் சொல்லிவிடுவர் என்னும் கருத்துப்பட அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிந்துள்ளார்கள். ‘ஹத்தஸனா’ என்றால் ஆசிரியர் வாயால் கேட்டது. ‘அக்பரனா’ என்றால், பலருடைய வழக்கில், மாணவர் படிக்க ஆசிரியர் செவிமடுத்தது. வெறும் ‘அன்’ என்றால் நேரில் கேட்டாரா என்பதை ஆராய வேண்டும். சிறு சொல் ஒன்றால் ஓர் அறிவிப்பின் தரமே மாறிவிடும். இதைக் கற்றவனுக்குக் காற்புள்ளி அற்பமாகத் தோன்றாது. ஒரே ஒழுங்கில் எழுதப்பட்ட பட்டியலில்தான் எது விடுபட்டது என்பது கண்ணில் படும்.

தமிழ் மரபும் இதற்குப் பின்தங்கியதன்று. நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்றும், அதில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் விளங்க வேண்டும் என்றும் நன்னூலார் விதித்தார். காலம், களன், காரணம் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இன்றைய பட்டியல் கேட்கும் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, இடம் ஆகிய அனைத்தும் இவற்றுள் அடங்கும்.

மேற்கோள் குறிப்பினால் நம் சமுதாயம் அடைந்த பேறு ஒன்று உண்டு. இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் இன்று நாம் அறிந்தவற்றில் மிகப் பழமையானது பல்சந்தமாலை என்பர். அந்நூல் நமக்குக் கிடைக்கவில்லை. எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பித்து 1931 இல் வெளிவந்த களவியற்காரிகையின் உரையில், உரைகாரர் எடுத்துக்காட்டிய அதன் எட்டுப் பாடல்கள் மட்டுமே எஞ்சின. பாடலின் அருகே நூற்பெயரையும் அவர் குறித்திராவிடில், தமிழில் இப்படி ஒரு நூல் இருந்தது என்பதே தெரிந்திராது. அவர் நூற்பெயரைக் குறித்தார். பாடியவர் பெயரைக் குறிக்கவில்லை. ஆகவே பாடியவர் யார் என்பதை இன்று எவரும் அறியார். எழுதிய ஒரு சொல் நூலின் நினைவைக் காத்தது. எழுதாத ஒரு சொல் புலவரை மறைத்தது. இதைக் கூறியபோது என் மருமகள் மறுமொழி பேசாமல் பட்டியலைக் கையில் எடுத்தாள்.

பட்டியலில் முதல் இடர் பெயர்களால் வந்தது. மேல்நாட்டார் வழக்கில் இறுதிப் பெயர் குடும்பத்திற்கு உரியது. அதை முன்னே கொண்டுவந்து அகரவரிசை அமைப்பர். நம் வழக்கில் முதலெழுத்து தந்தைக்கும், முழுப்பெயர் அவரவர்க்கும் உரியன. ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் ஆகியோர் எழுதி, 1986 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை உகரத்தின்கீழ்த் தேடினால் கிடைக்கும். ஆனால் அப்துல் காதிர் என்னும் பெயரைக் கணினி இரண்டாக வெட்டி, ‘காதிர், அப்துல்’ என்று எழுதுகிறது. அப்துல் காதிர் என்றால் பேராற்றல் உடையோனின் அடிமை என்பது பொருள். அடிமை என்ற சொல்லைப் பிரித்தெடுத்துவிட்டால் எஞ்சுவது அல்லாஹ்வின் திருநாமம்! இத்தகைய பெயர்களைப் பிரிக்கலாகாது என்று பதிப்பாசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதி இணைத்தோம்.

அடுத்தது ஆண்டு. ஹிஜ்ரி 1400 என்பது 1979 நவம்பரில் பிறந்து 1980 நவம்பரில் முடிந்தது. நூலின் முகப்பில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருப்பின் அதனையே எழுதி, பக்கத்தில் இரு கிறிஸ்தவ ஆண்டுகளையும் கோடிட்டுக் காட்டுவதே நேர்மை. ஒன்றை ஊகித்து எழுதுதல் ஆகாது.

மூன்றாவது எண். சீறாப்புராணம் 5027 விருத்தங்கள் கொண்டது. பதிப்புதோறும் பக்கம் மாறும். ஆதலின் காண்டம், படலம், பாடல் எண் ஆகியவற்றைக் குறித்தோம். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் ஏழு இடங்களில் வருகிறது. எவ்விடம் என்று பாடத்தின் பெயரால் சுட்டினாலன்றி எண் மட்டும் பயன் தராது. திருக்குர்ஆனுக்கு 1924 ஆம் ஆண்டு கெய்ரோப் பதிப்பின் வசன எண்ணே இன்று பெருவழக்கு. 1834 இல் புளூகல் என்னும் ஜெர்மானியர் பதிப்பித்ததில் எண்கள் பலவிடத்து வேறுபடும். பழைய ஐரோப்பிய நூல்களிலிருந்து வசன எண்ணை அப்படியே பெயர்த்து எழுதுவோர் இதனை நினைவில் கொள்க.

எங்களை நெடுநேரம் நிறுத்தியது வேறொன்று. கட்டுரையில் ஒரு சொல்லுக்கு நான் கூறிய விளக்கத்தை அவள் என் பெயரால் எழுதியிருந்தாள். அஃது என்னுடையது அன்று. எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் பாடத்தின் நடுவே கூறியது. அவர்கள் அதை எந்த நூலிலும் எழுதாமல் மறைந்துவிட்டார்கள். வாய்மொழிச் செய்தியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, கட்டுரையின் உள்ளே குறிக்கலாம் என்பது அவ்விதழின் விதி. “அப்படியானால் ஹஜ்ரத்துக்குப் பட்டியலில் இடமே இல்லையா, மாமா?” என்று அவள் வருந்தினாள். பட்டியலில் இல்லாவிடினும் பக்கத்தில் உண்டு என்றேன். உஸ்தாத் பெயரையும், நான் அவர்களிடம் கேட்டதையும், அவள் என்னிடம் கேட்டதையும் வரிசையாக ஒரே வாக்கியத்தில் எழுதினோம். அச்சில் தம் பெயர் வருவதை விரும்பாத பெரியவர் அவர்கள். ஆயினும் உரியவருக்கு உரியதைத் தருவது என்மேல் கடன்.

இன்று பட்டியல் அமைப்பதைக் கணினியே செய்து தருகிறது. புள்ளியும் வரிசையும் பிழையின்றி அமைவது நன்மையே. ஆயின் கேட்டவுடன் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள், இல்லாத நூலை இருப்பதுபோல் எழுதிவிடுவதும் உண்டு. 2023 ஜூன் மாதம் நியூயார்க்கில், இயந்திரம் புனைந்த வழக்குகளை மேற்கோளாகக் காட்டிய இரு வழக்கறிஞர்களுக்கும் அவர்தம் நிறுவனத்திற்கும் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. பக்தாது அறிஞர்கள் நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் வரிசைகளை மாற்றிக் கோத்து இமாம் புகாரி (ரஹ்) அவர்களைச் சோதித்ததையும், அவர்கள் ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் சேர்த்துக் கூறியதையும் நாம் அறிவோம். வடிவில் குறையற்ற இஸ்னாதும் பொய்யாக இருக்கலாம் என்பதே அச்சோதனையின் பாடம். அந்த நினைவாற்றல் நமக்கு இல்லை. நூலைத் திறந்து பக்கத்தைப் பார்க்கும் கண் உண்டு.

இது ஆய்வாளர்க்கு மட்டும் உரிய கடமை அன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக நாள்தோறும் எத்தனையோ செய்திகள் கைப்பேசி வழியே நம் இல்லங்களுக்கு வருகின்றன. நூற்பெயரும் இராது, அறிவிப்பாளர் பெயரும் இராது. அவற்றைப் பிறர்க்கு அனுப்புமுன் ‘சொன்னவர் யார், எங்கே?’ என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவோமாக. அறிவை அதற்குரியவர் பெயரோடு பெற்று, அவ்வண்ணமே பிறர்க்கு ஒப்படைக்கும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.