பிறந்தகம் திரும்பாத குதிரை

பெண்ணைத் தூர தேசத்தில் கொடுக்கும்போது நம் பாட்டிமார்களுக்கு ஒரு கவலை உண்டு. மாப்பிள்ளை நல்லவர், மாமியார் தங்கம் என்பதெல்லாம் அப்புறம், "அந்த ஊர்த் தண்ணீர் இவளுக்கு ஒத்துக்கொள்ளுமோ?" என்பதுதான் முதல் கேள்வி. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஆடிக்கோ தீபாவளிக்கோ பிறந்தகம் வந்து, பத்து நாள் உடம்பைத் தேற்றிக்கொண்டு போகலாம். அந்தப் பாக்கியம்கூட இல்லாத ஒரு ஜீவனை ஜெர்மனியில் பார்த்தேன். அது ஒரு குதிரை.

வட ஜெர்மனியில் ஒரு கிராமத்தில் என் பெண் குடித்தனம் செய்கிறாள். ஒரு கோடை முழுவதும் அவளோடு இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. வயது எழுபதை நெருங்குகிறது. வீட்டின் பின்னால் புல்வெளி. அதில் குட்டையாக, கட்டுமஸ்தாக ஒரு குதிரை. காது முதல் வால் வரை, வயிற்றையும் சேர்த்து, அதற்கு மெல்லிய வெள்ளை அங்கி போட்டிருந்தார்கள்.

அங்கியை மாற்றும்போதுதான் விஷயம் தெரிந்தது. பிடரி மயிர் பாதி உதிர்ந்திருந்தது. வாலின் அடியில் தோல் தடித்து மடிப்பு விழுந்திருந்தது. வயிற்றின் நடுவில் நீளமாக ஆறிய புண்களின் வடு. முந்தின கோடையில் வேலிக் கம்பத்தில் உரசி உரசி, ரத்தம் வழிய நின்றதாம். "வாயில்லாப் பிராணியை ஏன் வதைக்க வேண்டும்? ஊசி போட்டுக் கண்ணை மூட வைத்து விடலாமே" என்றுகூடச் சிலர் யோசனை சொன்னார்களாம்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பூச்சி. கொசுவைவிடச் சிறியது, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பெயர் என்னவோ 'கியூலிக்காய்டிஸ்' என்று நீளமாக இருக்கிறது. நம் ஊர்ச் செம்மறி ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்த வம்சத்துப் பூச்சிகள்தான். குதிரை விஷயத்தில் அது கிருமி எதையும் கொண்டு வரவில்லை. அதன் எச்சிலில் உள்ள புரதங்களைக் குதிரையின் உடம்பு பெரிய சத்துரு என்று எண்ணிச் சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டைதான் அரிப்பு. ஆகவே இது ஒட்டுவாரொட்டி அல்ல. ஜெர்மானியர் இதைக் 'கோடைக் கரப்பான்' என்ற பொருளில் வழங்குகிறார்கள்.

இந்தக் குதிரை பிறந்தது ஐஸ்லாந்தில். அங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வெளிக் குதிரை கலக்காமல் காத்து வந்த ஜாதி அது. கி.பி. 982-ஆம் ஆண்டிலேயே வெளிநாட்டுக் குதிரைகள் வரக் கூடாதென்று அங்கே சட்டம் செய்ததாகச் சொல்வார்கள். இன்றும் அந்தத் தடை இருக்கிறது. ஒரு தடவை கடல் தாண்டிய குதிரை, ஐஸ்லாந்துக் குதிரையே ஆனாலும், பந்தயத்தில் ஜெயித்து வந்தாலும், திரும்ப உள்ளே வர முடியாது. நோய் வந்துவிடும் என்ற பயம்.

அந்தத் தீவில் இந்தப் பூச்சி வெகுகாலம் இருந்ததில்லை. 2015-ல்தான் அதில் ஓர் இனத்தை முதன்முதலாகக் கண்டார்கள். பூச்சியே அறியாமல் வளர்ந்த குதிரை, பெரியதான பிறகு ஐரோப்பாவுக்கு வந்து முதல் கடி வாங்குகிறது. அப்படி வந்தவற்றில் சுமார் மூன்றில் ஒன்றுக்கு இந்த வியாதி. பூச்சி மிகுந்த இடங்களில் இரண்டு வருஷம் கழிந்தால் ஏறக்குறையப் பாதிக்கு! அதே ஜாதியில் ஜெர்மனியிலேயே பிறந்த குட்டிகளுக்கு மிகக் குறைவாகத்தான் வருகிறது. சிறு பிராயத்திலிருந்தே கடிபட்டுப் பழகிவிடுகின்றன போலும்.

பக்கத்து வீட்டு அம்மாளின் நாள் கடிகாரத்தோடு கட்டுப்பட்டது. பூச்சி மொய்ப்பது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. அதற்கு முன்பே குதிரையை லாயத்துக்குள் கொண்டு போவாள். உள்ளே ஒரு மின்விசிறி சுழலும். குதிரைக்குக் காற்று வேண்டுமென்று அல்ல. இந்தப் பூச்சிக்குப் பறக்கும் சக்தி குறைவு, காற்றடித்தால் அண்டாது. சாணத்தைத் தினமும் வாரிவிடுவாள். குட்டைப் பக்கம் மேய விடாமல், காற்று வீசும் மேட்டு நிலத்தில் விடுவாள். அங்கியில் சின்னக் கிழிசல் விழுந்தாலும் அன்றே தைத்தாக வேண்டும். அந்த ஓட்டை போதும், பூச்சி நுழைய. தையல் வேலை மட்டும் என் பங்குக்கு வந்தது.

மருந்து இல்லாமலில்லை. பூச்சி விரட்டிகள் உண்டு. அவற்றில் பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு விஷமாதலால், தடவிய அன்று வீட்டுப் பூனையைக் கிட்டே விடமாட்டாள். ஸ்டீராய்டு கொடுத்தால் அரிப்பு அடங்கும். ஆனால் குளம்பு வீங்கும் கொடிய நோய் வரக்கூடும் என்று வைத்தியர் யோசித்துத்தான் கொடுப்பார். ஐஸ்லாந்துக் குதிரைகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்ததில் புண்கள் குறைந்ததாக 2018-ல் சூரிச் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள். நல்ல செய்தி. அதுவரை அங்கியும் விசிறியும் நேரம் தவறாமையும்தான் வைத்தியம்.

"ஒரு நாளாவது அலுப்பாக இராதா?" என்று என் பெண் மூலமாகக் கேட்டேன்.

"அதுவா வந்தேன் என்றது? நாங்கள் அல்லவா கொண்டு வந்தோம்!" என்றாள் அந்த அம்மாள், அங்கியின் வார்களை இறுக்கிக்கொண்டே.

அழகான பிராணி என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இந்த ஒரு வார்த்தையை யோசிக்க வேண்டும். அந்த ஜாதிதான் வேண்டுமென்றால் அங்கேயே பிறந்த குட்டியாக வாங்கலாம். தருவித்தே தீருவோம் என்றால், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஒவ்வொரு அந்தியும் அதற்குச் சொந்தம் என்று ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும்.

நவம்பரில் என் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. உறைபனி விழுந்து பூச்சி ஒழிந்துவிட்டதாம். குதிரைக்குப் பிடரி மயிர் ஒரு சாண் வளர்ந்திருக்கிறதாம்.