வண்டியும் வாடகை வீடும்

மோட்டார் வண்டி வாங்குவோர் அதன் வேகத்தையும் அழகையும் விலையையும் உசாவுவர். இரவில் அஃது எங்கே நிற்கும் என்று உசாவுவார் சிலரே. மின்சார வண்டிக்கோ இவ்வினாவே தலையாயது. அவ்வண்டி உண்பதும் உறங்குவதும் ஓரிடத்திலேயே நிகழ்தல் நலம். இவ்வுண்மையை நாம் நூல்களாற் கற்றோமல்லோம். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடியிற் குடியிருந்தே கற்றோம்.

மின்சாரத்தால் ஊர்தி இயங்குதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னை வீதிகளில் 1895 முதல் 1953 வரை டிராம் வண்டிகள் மின்சாரத்தாலேயே ஓடின. ஆயின், டிராம் தனக்கு வேண்டிய ஆற்றலைச் செல்லும் வழியிலேயே பெற்றுக்கொண்டது. இக்காலத்து மின்சாரக் காரோ அதனைத் தன் பாட்டரியில் நிரப்பிச் சுமந்து செல்லவேண்டும். வீட்டிற்கு வருவது மாறு மின்னோட்டம். பாட்டரி ஏற்பது நேர் மின்னோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றும் கருவி காரினுள்ளேயே அமைந்துள்ளது. ஆதலின் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றிருப்பின், மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் நிரப்பலாம். ஒரு யூனிட்டிற்கு நம் வண்டி 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடும். நாள்தோறும் 40 கிலோமீட்டர் செல்வோர்க்கு இரவில் இரண்டரை மணி நேரம் போதுமன்றோ?

இக்கணக்கை நெஞ்சிற்கொண்டு, வண்டி நிற்குமிடத்தில் பிளக் பாயிண்ட் ஒன்று அமைத்துக்கொள்ள வீட்டுக்காரரின் இசைவை வேண்டினோம். அவர் முதியவர், கணக்கில் வல்லவர். "தம்பி, வண்டி உம்முடையது, மீட்டர் என்னுடையது" என்று சொல்லி நிறுத்தினார்.

அவர்தம் அச்சம் வீணானதன்று. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு திங்களுக்கு ஒருமுறை கணிக்கப்படுகின்றது. முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். அதன்மேற் செலவு பெருகப் பெருக விலையும் படிப்படியாக உயரும். 500 யூனிட்டைக் கடந்தாலோ, கீழ்ப்படிகளிலும் விலை கூடிவிடும். மேலும் கீழுமாக இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் 400 யூனிட் செலவிடும் வீடு அது. நம் வண்டிக்கோ இரு திங்களில் 300 யூனிட்டிற்கு மேல் வேண்டும். நாம் செலுத்தும் வண்டிக்காக அவர் வீட்டு விளக்கிற்கும் விசிறிக்கும் விலை ஏறுதல் எவ்வாறு நீதியாகும்?

துணை மீட்டர் யூனிட்டை எண்ணுமேயன்றி, இவ்விலையேற்றத்தைக் காட்டாது. ஆகவே, வண்டிக்கெனத் துணை மீட்டர் ஒன்றைப் பொருத்தி, வண்டி இல்லாதிருப்பின் கட்டணம் எவ்வளவாகும் என்பதையும் கணித்து, மிகுதி முழுவதையும் நாமே தருவதென உடன்பட்டோம். பெரியவர் இசைந்தார், மற்றொரு நிபந்தனையும் விதித்தார். மின்பலகையிலிருந்து தடித்த கம்பி தனியே வரவேண்டும்; அதற்குத் தனி சுவிட்சும் செம்மையான எர்த்தும் வேண்டும்; சன்னலின் வழியே நீண்ட ஒயர் தொங்கலாகாது. பல மணி நேரம் இடையறாது மின்சாரம் செல்லுமிடத்தில், மெல்லிய கம்பியும் தளர்ந்த இணைப்பும் சூடேறித் தீப்பற்றவும் கூடுமாதலின், இதனை அறிவுடைய நிபந்தனையென்றே கொண்டோம். முதற் கட்டணச் சீட்டு வந்தபோது, நாம் தந்த மிகுதி முன்பு பெட்ரோலுக்குச் செலவிட்டதில் மூன்றிலொரு பங்கையும் எட்டவில்லை.

நம் காரியம் முடிந்தது. ஆயினும், இவ்வட்டாரத்தை நோக்குங்கால் உள்ளம் அமைதியுறவில்லை. அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலேயே 2019-இல் வெளிவந்த கோனாவும், 2025-இல் வெளிவந்த கிரெட்டாவும் ஆகிய ஹூண்டாய் மின்சாரக் கார்கள் உருப்பெற்றன. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. எனினும், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உழைப்போருள் பலர் இன்னும் வாடகை அறைகளிலேயே வாழ்கின்றனர். வீட்டு மின்னிணைப்பிலேயே வண்டிக்கு மின்னேற்றலாம் என ஒன்றிய அரசின் மின்துறை 2022 சனவரியில் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. நெறிமுறை இடந்தருகின்றது, சுவருக்குரியவர் இடந்தரவேண்டுமே! பகலெல்லாம் வண்டிக்குப் பாட்டரி பொருத்தும் கைகளுக்கு, இரவில் தம் வண்டியைப் பொருத்த ஒரு பிளக் பாயிண்ட் இல்லையெனின், அஃது என்ன முன்னேற்றம்? இன்று கார் வாங்க இயலாதாரும் நாளை மின்சார ஸ்கூட்டரேனும் வாங்குவர் அன்றோ?

பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்கென நாள்தோறும் புது வீடுகள் எழுகின்றன. சுவர் எழும்பும்போதே வண்டி நிற்குமிடம்வரை ஒரு குழாயும் எர்த் கம்பியும் பதித்தல் சிறு செலவு; எழும்பியபின் உடைத்துப் பதித்தல் பெருஞ் செலவு. குடித்தனத்திற்கொரு மீட்டர் வைத்துவிடின், நாமும் பெரியவரும் இரு திங்களுக்கொருமுறை தாளும் எழுதுகோலுமாக அமரும் வேலையும் பிறர்க்கு இராது. இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பருள் நாளை வீடு கட்டுவோரும், கட்டுவிப்போரும், வாடகைக்கு விடுவோரும் இருப்பர். அவர்கள் வரைபடம் தீட்டும் நாளில் இவ்வொரு கோட்டையும் அதிற் சேர்ப்பாராக.