தஞ்சோங் ரம்புத்தானில் இரண்டு லோரிகள்

தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் சிரிக்கிறீர்களா? 1911-இல் திறந்த மனநல மருத்துவமனையால் வந்த சிரிப்பு அது, ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போயிற்று. ஈப்போவிலிருந்து அரைமணி ஓட்டம். வாருங்கள், கோப்பிக் கடை எதிரே நிற்கும் இரண்டு லோரிகளைப் பார்ப்போம்.

ஒன்று பீர் லோரி, மற்றது உணவுப் பொருள் லோரி. ஓட்டுகிறவர்கள் அண்ணன் தம்பி, ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். இருவரிடமும் ஒரே ஜி.டி.எல். உரிமம்தான்.

அண்ணனின் பீப்பாய் ஒன்றில் 30 லிட்டர். பீர் மட்டுமே 30 கிலோ; இரும்பின் கனம் தனி. இறக்கினால் தீர்ந்ததா? காலிப் பீப்பாய்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். பாதிக் கடைகள் மதியத்துக்குப் பிறகுதான் திறக்கும். அவர் வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

"அப்பா கள்ளுக்கடையில் விட்டதை நான் பீர் லோரியில் மீட்கிறேன், ஐயா" என்று சிரித்தார். ஒரு கை இடுப்பிலேயே இருந்தது.

தம்பிக்கு விடியற்காலை நான்கு மணிக்கே வேலை. உறைந்த கோழி பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்க வேண்டும். அந்தக் குளிருக்கும் வெயிலுக்குமாக நாள் முழுதும் ஏறி இறங்குகிறார். சரக்கு இளகினால் கடைக்காரர் தொடமாட்டார். ஆனால் மாலையில் பிள்ளைகளின் பள்ளிப் பாடத்தைப் பார்க்க அவர் வீட்டில் இருக்கிறார்.

உங்கள் மகன் கேட்டால் நான் உணவு லோரியைத்தான் சொல்வேன். கெலிண்டானாகச் சேர்ந்தாலும் சரி, முதலாளி சொக்சோ கட்டுகிறாரா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். வேலையில் அடிபட்டால் கைகொடுப்பது 1971-இல் வந்த அந்தத் திட்டம்தான்.

அண்ணனும் தலையாட்டினார். தம்பி கோப்பிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கு இன்னும் மூன்று கடை பாக்கி.