செஞ்சி மலையில் நானும் ஏறினேன்!

குள்ளஞ்சாவடியில் எங்கள் வீட்டைச் சுற்றி முந்திரித் தோப்புதான். மலையைப் படத்தில் பார்த்ததோடு சரி. சென்ற தை மாதம் ஒரு ஞாயிறன்று, விடியும் முன்பே கட்டுச்சாதத்துடன் கிளம்பி, விழுப்புரத்தில் பஸ் மாறி செஞ்சிக்குப் போனோம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக் கோட்டை மதில். உயரமானது ராஜகிரி, சுமார் 800 அடி. அண்ணாந்து பார்த்ததுமே எனக்கு மூச்சு வாங்கியது!

"நீ பையைப் பார்த்துக்கிட்டுக் கீழேயே இரு" என்றார் என்னவர். எங்கே போனாலும் எனக்கு அந்த வேலைதானே? உட்காரப் போனேன். மாமியார் விடவில்லை.

"எனக்குத்தான் முழங்கால் போச்சு. வயசு இருந்தப்பவும் பைக்குக் காவல் நான்தான். நீயாவது ஏறிப் பாரும்மா" என்று பையை வாங்கிக்கொண்டு, கல்யாண மகால் பக்கம் நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

நூறு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, மெல்ல ஏறினேன். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சிக்குச் சற்று முன் பாறை பிளந்து கிடுகிடு பள்ளம். பாலத்தைக் கடந்துதான் போகவேண்டும். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான்!

1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. 1690-ல் முற்றுகையிட்ட மொகலாயப் படைக்கு 1698-ல்தான் கிடைத்தது. அத்தனை வருஷம் உள்ளே அடுப்பு எரிந்திருக்க வேண்டுமே! களஞ்சியங்களையும் குளங்களையும் பார்த்தபோது, கோட்டையைக் காத்தது பீரங்கி மட்டுமல்ல என்று தோன்றியது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

உச்சியில் ரங்கநாதர் கோயில். சிலுசிலுவென்று காற்று. எதிரே கிருஷ்ணகிரி, கீழே பச்சை வயல்கள். கால்வலி போன இடம் தெரியவில்லை.

நீங்களும் போனால் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். வழுக்காத செருப்பு, தாராளமாகத் தண்ணீர் அவசியம். தின்பண்டத்தைக் கையில் தூக்கிப் போகாதீர்கள், குரங்குகள் விடாது! கர்ப்பிணிகளும், இருதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கீழேயே சுற்றிப் பார்ப்பது நல்லது.

இறங்கியதும் மாமியார் கேட்டார்: "மேலே என்னம்மா இருந்துச்சு?" ஒன்று விடாமல் சொன்னேன். தாமே ஏறியதுபோல் முகம் மலர்ந்தது அவருக்கு.

அடுத்த பயணத்தில் பைக்குக் காவல் என்னவர்தான். இப்போதே சொல்லிவிட்டேன்!